ரியாக்ட் கைவந்துவிட்டது, அடுத்து எதில் ஆழம் போவது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

மூன்று நான்கு வருடம் ஃப்ரண்ட்-எண்ட் வேலை, அதாவது தளத்தில் பயனர் பார்க்கும் திரைகளை ரியாக்ட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் எழுதும் வேலை, பார்த்தவருக்குக் கை பழகிவிடும். ஃபிக்மாவில் இருக்கும் வடிவமைப்பைத் திரையாக்கலாம், ஏபிஐ-யை இணைக்கலாம், படிவத்துக்கு வேலிடேஷன் போடலாம், டேபிளுக்குப் பேஜினேஷன் வைக்கலாம். சிக்கல் என்னவென்றால், இந்த அளவுக்கு எல்லாருக்கும் பழகியிருக்கும். ரியாக்ட், ரிடக்ஸ், டைப்ஸ்கிரிப்ட் என்று ஒரே வரிசையில் அடுக்கிய ரெஸ்யூமேக்களில் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய வழியில்லை. போதாக்குறைக்கு, ஏஐ கருவிகள் முதலில் கைவைத்ததும் இந்த வேலையில்தான்.

இந்தக் கட்டத்தில் பொதுவாக நான்கு வழிகள் தெரியும்: சர்வர், டேட்டாபேஸ் இருக்கும் பின்பக்கமும் கற்று ஃபுல்-ஸ்டாக் ஆவது, தளத்தின் வேகத்தைப் பார்க்கும் பெர்ஃபார்மன்ஸ், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளத்தை அமைக்கும் அணுகல்தன்மை (ஆக்ஸசிபிலிட்டி), எல்லாக் குழுக்களும் பகிரும் பட்டன், படிவம் போன்ற பொதுத் துண்டுகளை உருவாக்கும் டிசைன் சிஸ்டம். மொபைலுக்கு மாறுவதும் மேனேஜர் ஆவதும் வேறு கணக்கு, அவற்றை இங்கே எடுக்கவில்லை.

நான்கையும் எடைபோட இரண்டு கேள்விகள் போதும். முதலாவது, இந்த வழிக்கான பிரச்சினை உங்கள் இப்போதைய வேலையில் தானாக வருகிறதா? நான்கில் எதுவும் வீடியோ கோர்ஸ் பார்த்து மட்டும் வராது; உண்மையான பயனர்களும் பழைய கோடும் வேண்டும். இரண்டாவது, ஃப்ரேம்வொர்க் மாறினால் எவ்வளவு மிஞ்சும்? 2010-இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ்-க்கு 2021 முடிவோடு ஆதரவு நின்றது. ரியாக்ட் கற்ற பெரும்பாலோரின் முதல் கட்டளையாக இருந்த கிரியேட் ரியாக்ட் ஆப் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அதே காலத்தில் பிரவுசர் எப்படி வரைகிறது, ஹெச்டிடிபி கேஷ் எப்படி வேலை செய்கிறது என்ற அறிவு ஏறத்தாழ அப்படியே செல்லுபடியாகிறது. சம்பளத்தை இந்த இரண்டுக்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஃபுல்-ஸ்டாக்: கதவு அதிகம், பொறுப்பும் அதிகம்

வேலைவாய்ப்பின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இதற்குப் போட்டி இல்லை. ஸ்டார்ட்அப்கள், ஃப்ரீலான்ஸ், ஐந்தாறு பேர் இருக்கும் சிறு நிறுவனங்கள் எல்லாம் திரையையும் சர்வரையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கின்றன. ரியாக்டைச் சர்வரிலும் ஓட்டும் நெக்ஸ்ட்.ஜேஎஸ் போன்றவை எல்லையையே அழித்துவிட்டன. ரியாக்ட் எழுதியவர் ஒரு கோப்பு தள்ளிப் போனாலே சர்வரில் இருக்கிறார்.

ஆபத்தும் அங்கேதான். ஃப்ரண்ட்-எண்டிலிருந்து வருபவர்கள் வழக்கமாக மூன்று இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

ஒன்று, டேட்டாபேஸ். 50 ஆர்டர்களைக் காட்டும் பக்கத்தில் ஒவ்வோர் ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனியாகக் கேட்டால் பட்டியலுக்கு ஒன்று, பெயர்களுக்கு 50 என்று மொத்தம் 51 குவெரி. உங்கள் லேப்டாப்பில் ஒரு குவெரிக்கு 1 மில்லிநொடி என்பதால் கண்ணுக்கே தெரியாது. புரொடக்‌ஷனில் டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருந்து, போய்வர 5 மில்லிநொடி ஆனால், அந்தப் பக்கம் கால் நொடியை இதற்கே செலவிடும். டேட்டாபேஸ் கேள்விகளை உங்களுக்காக எழுதும் ஓஆர்எம் லைப்ரரி தருவதை நம்பாமல், அது உருவாக்கும் எஸ்க்யூஎல்-ஐ லாகில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் போட்டு, லட்சக்கணக்கான வரிசை உள்ள டேபிளில் நாலைந்து வரிசை எடுக்க ‘சீக் ஸ்கேன்’ (டேபிள் முழுவதையும் படிப்பது) வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அங்கே இண்டெக்ஸ் இல்லை, அல்லது இருந்தும் உங்கள் நிபந்தனைக்குப் பயன்படவில்லை.

இரண்டு, ரகசியங்கள். நெக்ஸ்ட்_பப்ளிக்_ என்று தொடங்கும் என்விரான்மென்ட் மாறி எதுவும் பில்டின்போது பிரவுசர் பண்டிலுக்குள் எழுதப்பட்டுவிடும். ‘கிளையன்டில் அன்டிஃபைண்ட் வருகிறதே’ என்று அவசரத்தில் அந்த முன்னொட்டைச் சேர்த்தால் பேமெண்ட் கீ ஊருக்கே தெரியும். பிறகு அதை நீக்கி டிப்ளாய் செய்தும் பயனில்லை, கீயையே மாற்ற வேண்டும்.

மூன்று, அனுமதிச் சோதனை. பட்டனை மறைப்பது பாதுகாப்பு ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும். கோரிக்கை பக்கத்தை அடையும் முன் ஓடும் மிடில்வேரில் ஒரே இடத்தில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பதும் போதாது என்பது 2025 மார்ச்சில் தெரிந்தது. ஒரு குறிப்பிட்ட ஹெடரை அனுப்பினாலே நெக்ஸ்ட்.ஜேஎஸ் மிடில்வேரைத் தாண்டிப் போக முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ரியாக்ட் சர்வர் காம்போனென்ட்ஸில் வெளியான ஓட்டைக்குக் கடுமை மதிப்பெண் 10-க்கு 10. லாகின் கூட இல்லாமல் சர்வரில் கோட் ஓட்டலாம் என்ற வகை. முன்பெல்லாம் ரியாக்ட் வெர்ஷன் ஏற்றுவதை அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளலாம். சர்வரில் ஓடும் ரியாக்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. அன்று இரவே பேட்ச் போட வேண்டியிருக்கும். பின்பக்கத்துக்குப் போகிறோம் என்பதன் உண்மையான பொருள் ஆன்-கால்தான், அதாவது எந்நேரமும் அழைப்புக்குத் தயாராக இருப்பது; அதை யோசித்துச் சரி என்றால் போங்கள்.

இன்னொரு விலையும் உண்டு. இரண்டு பக்கமும் பார்ப்பவருக்குப் பிரவுசரைப் படிக்க நேரம் இருக்காது. ஐந்து வருடத்தில் இரண்டு பக்கமும் நடுத்தரமாகத் தெரிந்த ஒருவராக நின்றுவிடும் வாய்ப்பு மற்ற மூன்று வழிகளைவிட இங்கே அதிகம். அதைத் தவிர்க்க, பின்பக்கத்தில் டேட்டாபேஸ் ஒன்றையாவது அடிவரை கற்க வேண்டும்.

பெர்ஃபார்மன்ஸ்: எண் பேசும்

பயனர் அதிகமுள்ள பொதுத் தளத்தில் நீங்கள் வேலை செய்தால் (ஷாப்பிங், செய்தி, பயணம், டிக்கெட்) நான்கில் இதைத்தான் முதலில் பரிந்துரைக்கலாம். காரணம் எளிது: செய்த வேலையை ஒரே எண்ணில் காட்ட முடியும், அந்த எண்ணை வெளியார் சரிபார்க்கவும் முடியும்.

தளத்தின் பயனர் அனுபவத்தை அளக்கும் கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸ் மூன்று. முக்கிய உள்ளடக்கம் தெரிய ஆகும் நேரமான எல்சிபி 2.5 நொடிக்குள், அழுத்தியதற்குத் திரை பதில் சொல்லும் நேரமான ஐஎன்பி 200 மில்லிநொடிக்குள், திரை துள்ளும் அளவான சிஎல்எஸ் 0.1-க்குள் இருக்க வேண்டும். மூன்றும் 75-ஆம் சதமானத்தில் (நான்கில் மூன்று வருகைகள் இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும்), கடைசி 28 நாள் உண்மைப் பயனர்களிடம் அளக்கப்படுகின்றன. ஐஎன்பி 2024 மார்ச்சில் எஃப்ஐடி என்ற பழைய அளவின் இடத்துக்கு வந்தது. அதுவரை பச்சையாக இருந்த பல ரியாக்ட் தளங்கள் அதோடு மஞ்சளுக்கு வந்தன. எஃப்ஐடி முதல் அழுத்தத்தின் காத்திருப்பை மட்டும் அளந்தது. ஐஎன்பி பயனர் பக்கத்தில் இருக்கும் நேரம் முழுக்க நடக்கும் அழுத்தங்களைப் பார்த்து, ஏறத்தாழ மிக மோசமானதை எடுக்கிறது.

பழகாதவர்கள் லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவியின் மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். அது ஒரு மெஷினில் ஒரு முறை ஓடும் சோதனை. அதில் ஐஎன்பி கிடையாது, ஏனென்றால் அங்கே யாரும் எதையும் அழுத்துவதில்லை. பக்கம் ஏறும்போது பிரவுசர் முடங்கிக் கிடந்த நேரத்தைக் கூட்டும் டிபிடி என்ற மாற்று அளவுதான் உண்டு, மொத்த மதிப்பெண்ணில் அதற்கு 30 விழுக்காடு எடை. மேக்புக்கில் 98 வாங்கிய பக்கம், பத்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு ஃபோனில் ஃபில்டர் பட்டனை அழுத்தினால் அரை நொடி உறைந்து நிற்கும். எனவே முதல் வேலை அளவீடு. வெப்-வைட்டல்ஸ் லைப்ரரியைச் சேர்த்து, மூன்று எண்களையும் பக்கத்தின் வகை, காரணமான எலிமென்ட் ஆகியவற்றோடு உங்கள் அனலிட்டிக்ஸுக்கு அனுப்புங்கள். இதைச் செய்யாமல் கோடைத் தொட்டால் எது உதவியது என்று ஒருபோதும் தெரியாது.

எல்சிபி மோசமாக இருந்தால் அதை நான்காகப் பிரித்துப் பாருங்கள்: சர்வரின் முதல் பைட் வர ஆன நேரம், படத்தைக் கேட்கத் தொடங்குவதற்கு முன் வீணான நேரம், படம் இறங்கிய நேரம், இறங்கிய பின் வரைய ஆன நேரம். பலரும் மூன்றாவதில் பாய்ந்து படத்தை வெப்பி, ஏவிஃப் என்ற வடிவங்களில் சுருக்கிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் ஓட்டை பெரும்பாலும் இரண்டாவதில் இருக்கும். பேனர் படத்துக்கு லேஸி லோடிங் போட்டிருப்பார்கள். அல்லது அது சிஎஸ்எஸ் பின்னணியில் இருக்கும். அல்லது ஜாவாஸ்கிரிப்ட் ஓடி, ஏபிஐ பதில் வந்த பிறகுதான் அந்தப் படத்தின் முகவரியே பிரவுசருக்குத் தெரியும். மூன்றிலும் மருந்து ஒன்றே: படம் முதல் ஹெச்டிஎம்எல்-லிலேயே சாதாரண இமேஜ் டேகாக இருக்க வேண்டும், லேஸி இல்லாமல், ஃபெட்ச் ப்ரயாரிட்டி ‘ஹை’ என்று. இந்த மாற்றம் இரண்டு மூன்று வரிதான், பலமுறை வாரக்கணக்கான படச் சுருக்கத்தைவிட அதிகம் தரும்.

ஐஎன்பி-யில் வேலை இதைவிடக் கடினம். 2,000 வரிசை டேபிளுக்கு மேலே ஒரு தேடல் பெட்டி. ஒவ்வோர் எழுத்துக்கும் முழு டேபிளும் மறுபடி ரெண்டர் ஆகிறது. 50 மில்லிநொடியைத் தாண்டும் எதையும் பிரவுசர் நீள்பணி என்கிறது; இங்கே ஒரே பணி 400 ஓடும். கணக்கிட்டதை நினைவில் வைக்கும் ரியாக்டின் யூஸ்மெமோவைத் தூவுவது இதற்குப் பதில் ஆகாது. தெரியும் 30 வரிசையை மட்டும் வரைவது, பெட்டியில் எழுத்து தெரிவதை முதலில் முடித்துவிட்டு வடிகட்டலை, அவசரமில்லாத வேலையைப் பின்னுக்கு வைக்கும் ரியாக்டின் டிரான்சிஷனுக்குத் தள்ளுவது, இந்த இரண்டும்தான் எண்ணை நகர்த்தும். மார்க்கெட்டிங் குழு டேக் மேனேஜர் வழியாகச் சேர்த்த ஸ்கிரிப்ட்கள் காரணமாக இருந்தால், அது கோட் பிரச்சினையாக இல்லாமல் பேச்சுவார்த்தைப் பிரச்சினையாக மாறும். இந்த வழியில் மூத்தவர்களின் நேரத்தில் கணிசமான பங்கு அதற்கே போகும்.

தமிழ்த் தளங்களில் எழுத்துரு தனி அத்தியாயம். கோப்பைச் சிறிதாக்கத் தமிழ் வரம்புக்கு மட்டும் வெட்டுவது நல்லதுதான். ஆனால் கு, டு, மூ போன்ற வடிவங்கள் எழுத்துகளை இணைத்து மாற்றும் விதிகள் இருக்கும் எழுத்துருவின் ஜிசப் அட்டவணையிலிருந்து வருகின்றன. அந்த அட்டவணையையும் சேர்த்துக் கழித்துவிடும் கருவியைப் பயன்படுத்தினால் உகரக் குறி எழுத்தை விட்டு ஒட்டாமல் தனியாகத் தொங்கும். வெட்டிய பிறகு உயிர்மெய் வரிசை முழுவதையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கண்ணால் பார்ப்பதே பாதுகாப்பு.

இந்த வழியின் குறை: ‘பெர்ஃபார்மன்ஸ் இன்ஜினியர்’ என்ற பெயரிலேயே வரும் பணியிடங்கள் மிகக் குறைவு. சீனியர், ஸ்டாஃப் பதவிகளுக்கான நேர்காணலில் உங்களைத் தூக்கி நிறுத்தும் திறமை இது. கம்பெனிக்குள் நூறு பேர் பயன்படுத்தும் அட்மின் டேஷ்போர்டு மட்டும்தான் உங்கள் பிராஜெக்ட் என்றால் இந்த வழியை இப்போதைக்கு விடுங்கள். மெதுவாக இருந்தாலும் யாரும் காசு தர மாட்டார்கள்.

அணுகல்தன்மை: சட்டம் தள்ளும் வேலை

ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆன்லைன் வணிகம், வங்கிச் சேவை, மின்நூல், பயணச்சீட்டு எல்லாம் அதற்குள் வரும். அங்கே விற்கும் நிறுவனம் எந்த நாட்டில் இருந்தாலும் விலக்கில்லை. சேவை தரும் மிகச் சிறு நிறுவனங்களுக்கு மட்டும் சலுகை. சென்னையிலும் கோவையிலும் ஐரோப்பிய கிளையன்டுக்கு வேலை செய்யும் குழுக்களுக்கு இந்த டிக்கெட்டுகள் வரும் வழி இதுதான். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கெனவே உண்டு. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, வாடிக்கையாளர் அடையாளத்தைச் சரிபார்க்கும் டிஜிட்டல் கேஒய்சி தொடர்பாக 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. வழக்குக்கு வந்தவர்கள் அமிலவீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும். உயிருள்ள ஆள் என்று நிரூபிக்கக் ‘கண்ணைச் சிமிட்டுங்கள்’ என்றது செயலி.

இதற்கு வேண்டிய கருவிகள் அனைத்தும் இலவசம் என்பதால், நான்கில் இதை எந்த வேலையிலிருந்தும் தொடங்கலாம். விண்டோஸில் என்விடிஏ திரைவாசிப்பானை நிறுவுங்கள், மவுஸைக் கழற்றி வையுங்கள், உங்கள் தளத்தில் ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் பின்வருவனவற்றில் பெரும்பாலானவை கிடைத்துவிடும்: டிவ்-க்கு ஆன்கிளிக் போட்ட ‘பட்டன்’, அதில் டேப் நிற்காது, மோடல் திறந்தும் ஃபோகஸ் பின்னாலிருக்கும் பக்கத்தில் சுற்றும், ‘கார்ட்டில் சேர்ந்தது’ என்ற டோஸ்ட் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது, படிவப் பிழை சிவப்பில் இருக்கும், எந்தப் பெட்டிக்கு என்று திரைவாசிப்பானுக்குத் தெரியாது. ஏஐ கருவி எழுதித் தந்த டிராப்டவுனை அம்புக்குறி, எஸ்கேப், என்டர் மூன்றால் மட்டும் இயக்கிப் பாருங்கள். தேர்ந்த ஆளுக்கு இன்னும் எவ்வளவு வேலை மிச்சம் இருக்கிறது என்று புரியும்.

திருத்தும்போது திரைவாசிப்பானுக்குக் குறிப்பு தரும் ஏரியா பண்புகளை அள்ளித் தெளிப்பதுதான் புதியவரின் முதல் தவறு. டிவ்-க்கு ரோல், டேப்இண்டெக்ஸ், கீ ஹேண்ட்லர் என்று நான்கு சேர்ப்பதற்குப் பட்டன் என்றே எழுதிவிடலாம். மோடலுக்கு ஹெச்டிஎம்எல்-இன் டயலாக் எலிமென்டை ஷோமோடல் கொண்டு திறந்தால், பின்பக்கத்தை முடக்குவது, எஸ்கேப்பில் மூடுவது, மூடியதும் பழைய இடத்துக்கு ஃபோகஸைத் திருப்புவது எல்லாம் பிரவுசர் பொறுப்பு. தமிழ்ப் பக்கமாக இருந்தால் ஹெச்டிஎம்எல் டேகில் லேங் மதிப்பு ‘டிஏ’ என்று இருக்கிறதா பாருங்கள். டெம்ப்ளேட்டில் வந்த ‘இஎன்’ அப்படியே கிடந்தால் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று உளறும், அல்லது மௌனமாகத் தாண்டும்.

தானியங்கிச் சோதனை பச்சை காட்டினால் முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. நிற மாறுபாடு 4.5:1 இல்லை என்பதைக் கருவி சொல்லும். ‘படம்1’ என்ற ஆல்ட் உரை பொருளற்றது என்பதை அது சொல்லாது. இருந்தாலும் கருவி பிடிக்கக்கூடியதே ஏராளமாகக் கிடக்கிறது: வெப்எய்ம் என்ற அமைப்பு 2025-இல் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்ததில் 94.8 விழுக்காட்டில் டபிள்யூசிஏஜி எனும் அணுகல்தன்மை விதிகளை மீறிய பிழைகள் இருந்தன. ஒரு வரி ஸ்கிரிப்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்கப்படும் ஓவர்லேக்களை நம்ப வேண்டாம். அப்படிச் சொல்லி விற்ற ஒரு நிறுவனத்தை 10 லட்சம் டாலர் கட்டும்படி அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்டிசி 2025-இல் உத்தரவிட்டது.

பணியிடத்தில் கவனிக்க வேண்டியது, உங்களை எந்தக் கட்டத்தில் அழைக்கிறார்கள் என்பது. ரிலீஸுக்கு இரண்டு வாரம் முன்பு கூப்பிட்டு 300 வரி எக்செல் கேட்கும் இடத்தில் நீங்கள் ஆடிட்டர் ஆகிவிடுவீர்கள். கோட் எழுதும் கை துருப்பிடிக்கும். டிசைன் விவாதத்திலேயே இடம் தரும் இடத்தில் இருந்தால் இது மிக நல்ல வழி. அணுகல்தன்மை வல்லுநர்களின் சங்கமான ஐஏஏபி-யின் சிபிஏசிசி, வாஸ் சான்றிதழ்கள் சர்வீஸ் கம்பெனிகளில் கிளையன்டுக்குக் காட்ட உதவும். புராடக்ட் கம்பெனிகளில் பெரிதாகக் கேட்பதில்லை.

டிசைன் சிஸ்டம்: ஆள் கூட்டம் இருந்தால் மட்டும்

இதில் சுருக்கமாகவே சொல்லலாம். ஒரே குழு, ஒரே புராடக்ட் என்றால் வேண்டாம்; ஷேட்சிஎன் போன்ற ஆயத்தத் தொகுப்பு ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். நான்கைந்து குழுக்கள் ஒரே பட்டனை ஐந்து விதமாக எழுதிக்கொண்டிருந்தால் அங்கே வேலை இருக்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் காம்போனென்ட் எழுதும் வேலை என்று நினைக்கிறார்கள். எழுதுவது கால்வாசி. நிறத்தை நேராகப் பட்டனில் கட்டாமல், நீலம்-600 என்ற மூலம், ‘முதன்மைச் செயல்’ என்ற பொருள், பட்டன் பின்னணி என்ற பயன் என்று மூன்று அடுக்காக டோக்கன் (பெயரிட்ட வடிவமைப்பு மதிப்பு) பிரிப்பது. காம்போனென்டுக்குத் தரும் ஒரு ப்ராப் (உள்ளீடு) பெயர் மாறினால் அதை மேஜர் வெர்ஷனாக வெளியிட்டு, மற்ற குழுக்களின் கோடைத் தானாக மாற்றும் கோட்மாடையும் கூடவே கொடுப்பது. கேட்டதையெல்லாம் சேர்த்து 34 ப்ராப் கொண்ட பட்டன் உருவாகாமல் தடுப்பது. மீதி முக்கால்வாசி இவைதான். ‘மாட்டேன்’ என்று பக்குவமாகச் சொல்லத் தெரியாதவருக்கு இந்த வழி ஒத்துவராது.

தமிழ் தெரிந்தவருக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. படம் இல்லாதபோது பயனர் பெயரின் முதல் எழுத்தைக் காட்டும் அவதார் காம்போனென்ட், அதை ஜாவாஸ்கிரிப்டின் சார்அட் 0 கொண்டு எடுத்தால் ‘கோபால்’ என்பதற்குத் திரையில் ‘க’ என்று வரும். உயிர்மெய்யைச் சிதைக்காத இன்ட்ல் செக்மென்டரைக் கொண்டு பிரித்தால்தான் ‘கோ’ கிடைக்கும். எழுத்து எண்ணிக்கை காட்டும் பெட்டியில் ‘தமிழ்’ 5 என்று வருவதற்கும் இதே காரணம். லைன்-ஹைட் (வரி உயரம்) 1 வைத்து, மிஞ்சுவதை மறைக்கும்படி எழுதிய பட்டனில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் வெட்டுப்படலாம். இந்திய மொழிகளில் வெளியாகும் புராடக்டில் இவற்றை லைப்ரரி மட்டத்தில் ஒருமுறை திருத்தினால் எல்லாக் குழுக்களுக்கும் சேர்ந்துவிடும்.

செலவைக் குறைக்கும் காலத்தில் நேரடி வருமானம் காட்டாத உள்குழுக்கள் மீதுதான் முதலில் கண் விழும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எங்கே இருப்பவர் எதை எடுக்கலாம்

சர்வீஸ் கம்பெனியில் ஐரோப்பிய, அமெரிக்க கிளையன்டுக்கு வேலை செய்பவருக்கு அணுகல்தன்மை. சட்டக் கெடு இருப்பதால் பட்ஜெட் கிடைக்கும், பிராஜெக்ட் மாறினாலும் திறமை கூடவே வரும். லட்சக்கணக்கில் பயனர் வரும் புராடக்டில் இருப்பவருக்குப் பெர்ஃபார்மன்ஸ். பத்து பேருக்குக் குறைவான ஸ்டார்ட்அப்பில் ஃபுல்-ஸ்டாக் ஒரு தேர்வே இல்லை, தானாக நடக்கும். அங்கே டேட்டாபேஸை ஆழமாகப் பிடித்துக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். டிசைன் சிஸ்டத்தைப் பெரிய நிறுவனத்துக்குள் உள்மாற்றம் கேட்டுப் போவதே எளிது, வெளியிலிருந்து நேராக அந்த இடத்துக்கு நுழைவது கடினம்.

முடிவெடுக்கும் முன் ஆறு மாதம் சோதித்துப் பார்க்கலாம், வேலையை விடத் தேவையில்லை. பெர்ஃபார்மன்ஸ் என்றால் ஒரே ஒரு பக்க வகையை எடுத்து, அளவீட்டை வைத்து, ஒரு மாற்றம் செய்து 28 நாள் காத்திருங்கள். ஒரே வாரத்தில் ஐந்து மாற்றம் போட்டால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது. அணுகல்தன்மை என்றால் லாகின் முதல் பணம் செலுத்துவது வரை ஒரு வழியை மட்டும் கீபோர்டுக்கும் என்விடிஏ-வுக்கும் முழுமையாகச் சரிசெய்யுங்கள். தளம் முழுக்கப் பட்டியல் போட்டால் அது பட்டியலாகவே கிடக்கும். ஃபுல்-ஸ்டாக் என்றால் ஒரு சிறு வசதியை டேபிள் மைக்ரேஷனிலிருந்து அலர்ட் வரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மேனேஜரிடம் கேளுங்கள், நடு இரவு அலர்ட் உட்பட. டிசைன் சிஸ்டம் என்றால் பக்கத்துக் குழுவின் ரெப்போவில் போய் ஒரு பழைய காம்போனென்டை நீங்களே மாற்றிக் கொடுங்கள். அவர்கள் உங்கள் பிஆர்-ஐ (மாற்றக் கோரிக்கையை) மெர்ஜ் செய்ய எத்தனை நாள் இழுக்கிறார்கள் என்பதிலேயே அந்த வேலையின் சுபாவம் விளங்கும்.

ரெஸ்யூமேயில் ‘பெர்ஃபார்மன்ஸை மேம்படுத்தினேன்’ என்று எழுதாதீர்கள். ‘பொருள் பக்கத்தின் எல்சிபி 75-ஆம் சதமானத்தில் 4.1-இலிருந்து 2.4 நொடி, காரணம், பேனர் படத்தின் தாமதக் கோரிக்கை’ என்ற வடிவில் எழுதுங்கள். அடுத்த கேள்வி அந்தக் காரணத்தின் மேல்தான் வரும், அதற்கு உங்களிடம் பதில் இருக்கும். பொதுத் தளங்களின் குரோம் பயனர் தரவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்பதால், நேர்காணலுக்கு முதல் நாள் அந்த நிறுவனத்தின் தளத்தையே பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் போட்டுப் பார்க்கலாம், டேப் கீயால் ஒரு சுற்று சுற்றியும் வரலாம். ‘எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா’ என்று கடைசியில் கேட்கும்போது, மொபைலில் ஐஎன்பி ஏன் 380-இல் நிற்கிறது, அதை யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். யாரும் பார்ப்பதில்லை என்ற பதிலும் உங்களுக்குத் தேவையான தகவல்தான்.